ஜன்னலோரம் வேண்டாம் பேட்மேன்

ஆசிரியருக்கு,

சூப்பர் ஹீரோ சிலைகளை ஜன்னலோரம் வைத்தால் எடுப்பாகத் தெரியும் என்று ஞாயிறு இணைப்பின் வீட்டு அலங்காரப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். தெரியும், ஒரு கோடை வரைக்கும். கட்டுரையாளர் மதுரை வெயிலை அறியாதவர் போலிருக்கிறது.

பி.வி.சி. பொம்மை வெப்பத்தில் இளகும். ஒற்றைக்காலில் நிற்கும் ஸ்பைடர்மேன் மெல்லச் சாயத் தொடங்குவார். பாலிஸ்டோன் என்பது பிசினில் கல்தூள் கலந்து வார்ப்பது. அது சாயாது, கீழே விழுந்தால் விரலும் காதும் தெறித்துவிடும். ஆளுயரத்தில் நான்கில் ஒரு பங்கு அளவுள்ள பேட்மேன் ஒரு முழத்துக்குக் குறையமாட்டார், கனமும் அதிகம். அவரைக் கண்ணாடித் தட்டில் ஏற்றாமல் அலமாரியின் அடித்தட்டில் நிறுத்துங்கள். எந்த வகையானாலும் நேர்வெயில் பட்டால் சாயம் வெளிறும்.

என் வீட்டில் வெயில் எட்டாத சுவரில், கதவுள்ள அலமாரியில் இருக்கிறார்கள். நவராத்திரிக்குக் கொலுவின் கீழ்ப்படிக்கு வருவார்கள். அனுமாருக்குப் பக்கத்தில் ஹல்க்கை நிறுத்தியபோதுதான் மாமியார் ஆட்சேபித்தார். நியாயம்தான், நிறமும் பொருந்தவில்லை.

1972-இல் முத்து காமிக்ஸ் தமிழில் அறிமுகப்படுத்திய இரும்புக்கை மாயாவியைப் படித்து வளர்ந்தவள் நான். அவர் சிலை நான் பார்த்த எந்தக் கடையிலும் இல்லை. பண்ருட்டியில் காகிதக்கூழ் பொம்மை செய்பவர் ஒருவரிடம் சொல்லிச் செய்துகொண்டேன். மாயாவியின் உருவம் மாயமாக மறைந்த பிறகு கண்ணுக்குத் தெரிவது அந்த இரும்புக்கைதானே, அதனால் கை மட்டும் போதும் என்றேன். இறக்குமதிச் சிலையின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. அடுத்த முறை உங்கள் நிருபரை அங்கே அனுப்பிப் பாருங்கள்.

ஒரு வாசகி,
செல்லூர், மதுரை.