ரோலர்பால் பேனாவுக்குச் சூடு வைக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் வீட்டுக்குறிப்புப் பகுதியில், எழுதாமல் நின்றுபோன பேனாவின் முனையில் தீக்குச்சியால் லேசாகச் சூடு காட்டினால் மறுபடியும் எழுதும் என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். சாதாரண பால்பாயிண்ட் பேனாவுக்கு இந்த யோசனை ஓரளவு பொருந்தலாம். ஆனால் குறிப்புடன் வந்த படத்தில் இருப்பது, மை நிரப்பிப் பயன்படுத்தும் ரோலர்பால் பேனா. அதற்குச் சூடு வைத்தால் கெட்டுப்போகுமே தவிர எழுதாது என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஹங்கேரியைச் சேர்ந்த லாஸ்லோ பிரோ 1938-இல் காப்புரிமை கோரிய பால்பாயிண்ட் பேனாவுக்குக் கெட்டியான மை தேவைப்பட்டது. இன்றைக்கும் அவ்வகைப் பேனாவில் எண்ணெய்ப் பசை கொண்ட மையே இருக்கிறது. நாம் பள்ளி நாள்களில் ரீஃபிலை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் தேய்த்ததும், பின்பக்கம் வாய்வைத்து ஊதியதும் அந்தக் கெட்டி மையை இளக்கி நகர்த்தத்தான். ரோலர்பால் பேனாவின் முனையிலும் உருளும் குண்டு ஒன்று உண்டு என்றாலும், உள்ளே இருப்பது தண்ணீரில் கரைந்த மை. சூடு பட்டால் அதிலுள்ள நீர் ஆவியாகிச் சாயம் மட்டும் குண்டைச் சுற்றி இன்னும் இறுகிப் படியும்; முனையைத் தாங்கும் பிளாஸ்டிக்கும் உருகிக் கோணும்.

பேனா எழுதாததற்குக் காரணத்தைக் கண்டுபிடிப்பது கடினமன்று. முனையைத் தாங்கும் கழுத்துப் பகுதியைக் கழற்றி, கன்வெர்ட்டரில் (மையை உறிஞ்சி நிரப்பிக்கொள்ளும் சிறு குழாயில்) மை இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். மை இருந்தும் அது குழாயின் மேல்பக்கமாகவே ஒட்டிக்கொண்டு கீழே இறங்காமல் இருப்பது அடிக்கடி நேர்வது. விரல் நுனியால் இரண்டு தட்டுத் தட்டினால் குமிழி விலகி மை இறங்கிவிடும். மை அடைத்தே விற்கப்படும் சிறு குப்பியான கார்ட்ரிட்ஜ் போடும் பேனாவாக இருந்தால், அதன் வாய் முழுமையாகத் துளைக்கப்பட்டிருக்கிறதா என்று அழுத்திப் பார்ப்பது நல்லது. மை வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே போயாக வேண்டும். அந்தக் காற்றுவழி அடைபட்டால் பேனா ஒரு வரி எழுதி நின்றுவிடும், சற்று நேரம் வைத்திருந்து எடுத்தால் மறுபடி ஒரு வரி எழுதும். இந்த அறிகுறி தெரிந்தால் முனையைக் குறைசொல்லாமல், உள்ளே மையை முனைக்குக் கொண்டுசெல்லும் கட்டையைக் கழுவ வேண்டும்.

மூடி போடாமல் பல நாள் கிடந்து முனை காய்ந்துபோன பேனாவுக்கும் மருந்து தண்ணீர்தான். மையை வெளியேற்றிவிட்டு, கைபொறுக்கும் வெதுவெதுப்பான நீரில் கழுத்துப் பகுதியை முனை கீழாக நிறுத்தி, இரவு முழுவதும் ஊறவிட வேண்டும். கொதிநீர் கூடாது. காலையில், ஊசி நீக்கிய சிரிஞ்சாலோ கன்வெர்ட்டராலோ பின்பக்கத்திலிருந்து மெதுவாக நீரைச் செலுத்தி, நிறமின்றி நீர் வரும்வரை அலச வேண்டும். பிடிவாதமான அடைப்புக்குப் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு கலந்த நீர் உதவும். அதன்பின் நல்ல நீரில் மீண்டும் அலசுவது அவசியம். சிலர் கையில் அகப்படும் சானிடைசரையும் நெயில்பாலிஷ் நீக்கியையும் ஊற்றுகிறார்கள். அவை பேனாவின் உடலையே விரிசல் விடச் செய்யவோ கரைக்கவோ கூடியவை. முனையை ஊசியால் குத்துவதும், சுவரிலும் தரையிலும் தேய்ப்பதும் குண்டு அமர்ந்திருக்கும் விளிம்பைச் சிதைத்துவிடும். கழுவிய பேனாவை மெல்லிய துணியில் முனை படும்படி சாய்த்து வைத்தால் உள்ளிருக்கும் நீர் வடிந்துவிடும். மை நிரப்பியபின் சாதாரணத் தாளில் அவசரப்படாமல் வட்டம் வட்டமாகக் கிறுக்கினால் போதும்.

இவ்வளவு செய்தும் ஒரே வாரத்தில் மறுபடி அடைத்துக்கொண்டால், குற்றம் பெரும்பாலும் மையினுடையது. மைப்பேனாவுக்கென்று விற்கும் சாய மையைத்தான் இதில் நிரப்ப வேண்டும். ஓவியர்கள் பயன்படுத்தும் இந்தியன் இங்க்கையும், மினுமினுப்புத் துகள் கலந்த மைகளையும் நிரப்பவே கூடாது. குண்டுக்கும் அதன் கிண்ணத்துக்கும் இடையிலுள்ள இடைவெளி அத்தனை நுண்ணியது.

கீழே விழுந்து முனை நசுங்கிய பேனாவைக் கழுவிப் பயனில்லை, முனையைத்தான் மாற்ற வேண்டும். என் மனக்குறை இங்கேதான். சில மாதிரிகளில் முனையை மட்டும் தனியே கழற்றி மாற்ற முடிகிறது. ஆனால் கடையில் கேட்டால், முழுப் பேனாவையும் எடுத்து நீட்டுகிறார்கள். ஒருமுறை பயன்படும் பிளாஸ்டிக் பொருள்கள் சிலவற்றுக்கு 2022 ஜூலை முதல் நாடெங்கும் வந்த தடைப்பட்டியலில் பேனா இல்லை. தடை இல்லை என்பதற்காக, மறுபடி மறுபடி நிரப்பலாம் என்று சொல்லி விற்கப்படும் பேனாவையும் முனை போனதும் எறியச் செய்வது என்ன நியாயம்? உதிரி முனையைக் கடைகளில் கிடைக்கச் செய்வதும், எந்த மை ஏற்றது என்பதைப் பெட்டியிலேயே தமிழில் அச்சிடுவதும் தயாரிப்பாளர்களால் ஆகாத காரியமல்ல.

தேர்வு நெருங்கும் இந்நேரத்தில் பிள்ளைகள் பலர் அந்தக் குறிப்பை நம்பி நெருப்பைத் தேடக்கூடும். வரும் இதழிலேயே திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவர்,
கும்பகோணம்.