ஆண்டறிக்கை: கோடியக்கரைக் கணக்கெடுப்பும் நம் வருகையும்

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு வழக்கம்போல் கூடியது. பள்ளி மாணவர்களுக்குப் பறவை நோக்கல் வகுப்பு நடத்தினோம். ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் கலந்துகொண்டோம். பிப்ரவரி 2, உலக ஈரநில நாளன்று கடற்கரையில் குப்பை பொறுக்கினோம்.

இனி கோடியக்கரையில் நாம் மாதந்தோறும் நடத்தும் பறவைக் கணக்கெடுப்புக்கு வருகிறேன். "ஜனவரியில்தான் எண்ணுகிறோமே, அது போதாதா?" என்று சென்ற பொதுக்குழுவில் கேட்டார்கள். போதாது. ஜனவரிக் கணக்கெடுப்பு 1987 முதல் பல நாடுகளில் ஒரே சமயத்தில் நடப்பது, அதன் அருமை வேறு. ஆனால் அந்த வாரத்தில் இங்கே என்ன இருந்தது என்பதை மட்டும்தான் அது சொல்லும். வளைமூக்கு உள்ளான் என்ற சிறு கரைப்பறவை ஆகஸ்டிலேயே சைபீரியாவிலிருந்து வந்து இறங்கத் தொடங்கிவிடும், மார்பில் பழைய செங்கல் நிறம் திட்டுத்திட்டாக ஒட்டியிருக்க. ஏப்ரலில் கிளம்பும் முன் வயிறு முழுக்க மறுபடி சிவக்கும். நம்மில் பலர் அதைச் சாம்பல் நிறத்தில் மட்டுமே பார்த்திருக்கிறோம். முதல் வருஷப் பறவைகளில் சில ஊர் திரும்பாமல் மே, ஜூனிலும் இங்கேயே தங்கிவிடும். 2024இல் இந்த இனத்தின் நிலை மோசமாகிவிட்டதென்று, அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களைக் காட்டும் உலகச் சிவப்புப் பட்டியலே சொல்லிவிட்டது. நம் வீட்டு வாசலில் மேயும் பறவையை நாம் எண்ணாமல் வேறு யார் எண்ணுவது?

எண்ணுவதற்கு மூன்று பேராவது வேண்டும். தொலைநோக்கியில் ஒருவர், நோட்டில் ஒருவர், கூட்டம் இடம் மாறுகிறதா என்று பார்க்க ஒருவர். கொசு உள்ளான் ஓடி ஓடிச் சேற்றின் மேலாகக் கொத்தும். வளைமூக்கு உள்ளானோ வயிறு நனைய நின்று அலகை ஆழ இறக்கித் துழாவும். பறக்கும்போது அதன் வாலுக்கு மேலே வெள்ளை தெரியும். இப்படிப் பிரித்துப் பாதிக் கூட்டத்தை முடித்திருப்போம், ஒரு பூனைப்பருந்து தாழ வந்தால் போதும், எல்லாம் எழும்பிக் கலைந்துவிடும். அப்புறம் முதலிலிருந்துதான். 1980களில் இதே கோடியக்கரையில் மிக அரிதான கரண்டிமூக்கு உள்ளான் பதிவாகியிருக்கிறது. அது மறுபடி வந்தாலும் கொசு உள்ளான் கூட்டத்துக்குள்தான் நிற்கும். ஒவ்வொன்றாகப் பார்ப்பவர் கண்ணில்தான் படும்.

பூநாரை வந்திருந்த மாதம் வேனில் இடம் போதவில்லை. ஏப்ரலில் பொருளாளரும் நானும் மட்டும் போனோம். ஜூனில் நான் தனியாள். சதுப்பு வறண்டு, உப்பளப் பாத்திகளில் மட்டும் தண்ணீர் நின்ற சமயம் அது. வரப்பில் நின்று முடிந்தவரை எண்ணினேன். முந்தின நாள் போன் செய்தபோது பலர் எடுக்கவில்லை, சிலர் "வெயில் காலத்தில் என்ன பறவை இருக்கப்போகிறது" என்றார்கள். வேலையும் கல்யாணங்களும் வெயிலும் எல்லோருக்கும் உண்டு, எனக்கும் உண்டு. ஒரு மாதம் விட்டுப்போனால் பதிவேட்டில் அந்த இடத்தைப் பின்னால் யாராலும் நிரப்ப முடியாது என்பதால்தான் போனேன்.

இன்னொன்று. படத்துக்காகக் கூட்டத்தை நோக்கி நடக்காதீர்கள் என்று வேனிலேயே சொல்லித்தான் கூட்டிப்போகிறோம். மார்ச், ஏப்ரலில் பறவைகள் தின்று கொழுப்புச் சேர்ப்பது நெடும்பயணத்துக்காக. வீணாகப் பறக்கவிட்டால் அந்தக் கொழுப்புதான் கரையும்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். வேன் வாடகையும் தொலைநோக்கி முக்காலியைப் பழுது பார்த்ததும்தான் பெரிய செலவு. வரவு கொஞ்சம் குறைவு. பற்றாக்குறையைச் செயற்குழுவினர் கைப்பணம் போட்டு இப்போதைக்குச் சமாளித்திருக்கிறோம். பாதிப் பேருக்கு மேல் சந்தா பாக்கி. அது முழுதும் வந்திருந்தால் பற்றாக்குறை என்ற பேச்சே எழுந்திருக்காது.

வனத்துறை ஊழியர்களுக்கும், வரப்பில் நிற்க விட்ட உப்பளத் தொழிலாளர்களுக்கும், வகுப்புக்கு இடம் தந்த பள்ளிக்கும் சங்கத்தின் நன்றி.

அடுத்த ஆண்டுக் கணக்கெடுப்பை நான் ஒருவனே இழுத்துக்கொண்டு போக முடியாது. மாதம் ஒரு காலை வர மூன்று பேர் பெயர் கொடுத்தால் ஆகஸ்டிலேயே தொடங்கலாம். இல்லையென்றால் ஜனவரியோடு நிறுத்திக்கொள்வதா என்று இந்தப் பொதுக்குழுவே முடிவு செய்யட்டும். முடிவு செய்யும் முன் பதிவேட்டை ஒருமுறை புரட்டிப் பாருங்கள், மேசைமேல் இருக்கிறது. பெயர் எழுதும் தாளும் அங்கேயே உண்டு. பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு கூட்டம் முடியும்வரை வாசலருகே இருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்