எக்கோவைப் பங்கு வைக்கலாம், டிஸ்டார்ஷனை வைக்க முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் சிறிய மெல்லிசைக் குழுக்கள் செலவைக் குறைப்பது எப்படி என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. கிட்டார்கள், பாடகர் மைக்குகள் எல்லாவற்றையும் ஒரே டிஜிட்டல் எஃபெக்ட்ஸ் பிராசஸரில் (எக்கோ, டிஸ்டார்ஷன் மாதிரி மாற்றங்களைச் சத்தத்தில் ஏற்றுகிற பெட்டி) கொடுத்துவிட்டால் போதும், ஆளுக்கொரு பெட்டி வேண்டாம் என்று அதில் ஓர் யோசனை. நான் பாளையங்கோட்டைப் பக்கம் கோயில் கொடைக்கும் சர்ச் விழாவுக்கும் மைக் செட் போடுகிறவன். அந்த யோசனை முழுத் தவறில்லை. பாதி சரி. மீதிப் பாதியைச் சொல்லாமல் விட்டதால் எனக்கு வந்த வினை என்னவென்றால், கொடைக் கமிட்டியில் இருந்து ரேட் பேச வந்தவர் அந்தப் பக்கத்தைக் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். எல்லா மைக்கின் சத்தத்தையும் சேர்த்து அளவு பார்க்கிற மிக்ஸர் எதற்கு, அதில் உட்கார ஓர் ஆள் எதற்கு, பேப்பரிலேயே போட்டிருக்கிறதே என்கிறார்.

போன சித்திரையில் நாங்குநேரி பக்கம் ஒரு கொடைக்கு வந்த குழு இதைத்தான் செய்தது. இரண்டு கிட்டார், இரண்டு மைக் எல்லாம் ஒரு சின்ன மிக்ஸரில் சேர்ந்தன. மிக்ஸரின் மெயின் அவுட் தரையில் கிடந்த கிட்டார் பிராசஸருக்குள் போனது. அங்கிருந்து எனக்கு ஒரே ஒயர். கேட்டதற்கு, "எல்லாம் செட் பண்ணியாச்சு அண்ணாச்சி, நீங்க வால்யூம் மட்டும் பாத்துக்கோங்க" என்றார் அந்தத் தம்பி. மெலடிப் பாட்டுகள் வரைக்கும் பழுதில்லை. குத்துப் பாட்டு வந்ததும் லீட் கிட்டார்காரர் ஒரு பட்டனை மிதித்தார். அவர் கிட்டாருக்கு டிஸ்டார்ஷன், அதாவது சத்தத்தைக் கரகரப்பாக்குகிற எஃபெக்ட், ஏறியது. ரிதம் கிட்டாருக்கும் ஏறியது. பாடிக்கொண்டிருந்த பெண்ணின் குரலுக்கும் ஏறியது! அடுத்த நொடியே மைக் ஊளையிட ஆரம்பித்தது. முன்வரிசைப் பாட்டிகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். என்னிடம் இருந்ததோ ஒரே ஒயர், அதில் எதை என்று குறைப்பது? எல்லாரும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். மைக் செட்காரன் தலையெழுத்து அது.

ஏன் அப்படி ஆகிறது என்று கட்டுரை எழுதியவர் ஒரு வரி சேர்த்திருக்கலாம். எக்கோ, ரிவர்ப் (பெரிய மண்டபத்தில் கேட்பது போன்ற முழக்கம்), டிலே (சத்தம் சற்றுப் பிந்தித் திரும்ப வருவது) போன்றவை உள்ளே வரும் சத்தங்களை ஒன்றோடொன்று பிணைப்பதில்லை. நாலு குரலைச் சேர்த்து ரிவர்ப் கொடுத்தாலும், தனித்தனியாகக் கொடுத்து அப்புறம் சேர்த்தாலும் காதில் விழுவது ஒன்றுதான். ரோலண்ட் கம்பெனி 1974-இல் கொண்டுவந்த ஸ்பேஸ் எக்கோ என்ற டேப் எக்கோ பெட்டியிலேயே இரண்டு மைக்குக்கும் ஓர் இசைக்கருவிக்கும் தனித்தனி வால்யூம் உண்டு. ஆக, எல்லாரும் ஒரே பெட்டியைப் பகிர்ந்துகொள்வது புதிய கண்டுபிடிப்பும் இல்லை, தப்பும் இல்லை. அந்தப் பெட்டி கொடுத்தது எக்கோவும் ரிவர்பும்தான் என்பதை மட்டும் கவனிக்க வேண்டும்.

டிஸ்டார்ஷன் வேறு சாதி. அது சின்னச் சத்தத்தைப் பெருக்கி, பெரிய சத்தத்தின் தலையை வெட்டுகிறது. வெட்டும்போது உள்ளே இல்லாத புதுச் சத்தங்கள் பிறக்கும். ஒரு கிட்டாரில் ஆறாம் கம்பி ஏறக்குறைய 82 ஹெர்ட்ஸ், இன்னொன்றில் ஐந்தாம் கம்பி 110 என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் தனித்தனி டிஸ்டார்ஷனில் போனால் இனிமைதான். ஒரே டிஸ்டார்ஷனில் சேர்ந்து போனால் கழித்தலும் கூட்டலுமாக 28, 192 என்று இரண்டு பேரும் வாசிக்காத சத்தங்கள் எழும். இந்த 192, எஃப் ஷார்ப், ஜி என்ற அடுத்தடுத்த இரண்டு மேற்கத்திய சுரங்களுக்கு இடையில் விழுகிற அபசுரம். ராக் வாசிக்கிறவர்கள் டிஸ்டார்ஷன் போட்டால் முழு கார்டு (பல சுரங்களை ஒன்றாக ஒலிக்கிற பிடி) பிடிக்காமல் ச-ப இரண்டை மட்டும் பிடிப்பதும் இதற்காகத்தான். ச-ப சேர்ந்தால் பிறக்கிற கூட்டலும் கழித்தலும் காந்தாரத்திலும் கீழ் சட்ஜத்திலும் போய் விழும், உறுத்தாது. இரண்டு கிட்டார்காரர்கள் வெவ்வேறு கார்டு பிடித்து, மேலே ஒரு குரலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளட்டும். போதாக்குறைக்கு, மைக்கில் பாட்டு மட்டுமா விழுகிறது? மேடையில் இருப்பவர்கள் கேட்க வைக்கிற மானிட்டர் ஸ்பீக்கரும், தாளம் போடுகிற ரிதம் பேடும் சேர்ந்தே விழுகின்றன. அதையும் பெட்டி பெருக்குகிறது, ஊளை அங்கிருந்து வருகிறது.

சத்தம் ஏறினால் தானே அதை அமுக்குகிற கம்ப்ரஸரும் இதே ரகம். பாடகர் உச்சஸ்தாயியில் குரலை உயர்த்தினால் பின்னால் வாசிக்கிற கிட்டார் பதுங்கும். சுருதி திருத்துகிற எஃபெக்டுகள் ஒற்றைக் குரலை எதிர்பார்ப்பவை. இரண்டு பேர் பாடினால் திணறிவிடும்.

அப்படியானால் ஒரே பெட்டி வைத்திருக்கிற குழு என்ன செய்வது? மிக்ஸரில் ஆக்ஸ் சென்ட் என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு மைக்கில் இருந்தும் கிட்டாரில் இருந்தும் வேண்டிய அளவு அதன் வழியாகப் பெட்டிக்கு அனுப்பி, பெட்டியில் ரிவர்பை மட்டும் வைத்து, திரும்பி வருவதை மிக்ஸரில் இன்னொரு சேனலில் வாங்கிக்கொள்ள வேண்டும். பாடகருக்கு நிறைய, ரிதம் கிட்டாருக்குச் சொட்டு என்று தனித்தனியாக வைக்கலாம். திரும்பி வருகிற சேனலின் ஆக்ஸ் சென்டை மறக்காமல் மூடிவிட வேண்டும், இல்லையென்றால் பெட்டி தன் சத்தத்தைத் தானே தின்று சுற்றிக்கொண்டே இருக்கும். பெட்டியில் எஃபெக்ட் ஏறாத நேர்ச் சத்தத்தைப் பூஜ்யமாக்கி, எஃபெக்ட் சத்தம் மட்டும் வெளியே வரும்படி வைக்க வேண்டும். டிஜிட்டல் பெட்டி எதுவானாலும் உள்ளே போய் வெளியே வர ஓரிரு மில்லி செகண்ட் ஆகும். மிக்ஸரில் ஏற்கெனவே இருக்கிற நேர்ச் சத்தத்தோடு 2 மில்லி செகண்ட் பிந்திய அதே சத்தம் சரிசமமாகச் சேர்ந்தால் 250, 750, 1250 ஹெர்ட்ஸ் என்று இடையிடையே பள்ளம் விழும். குரல் குழாய்க்குள் இருந்து வருவது போலிருக்கும். டிஸ்டார்ஷன் வேண்டும் என்கிற லீட் கிட்டார்காரர், கிட்டாருக்கும் மிக்ஸருக்கும் நடுவில் தனக்கென காலால் மிதிக்கிற ஒரு சின்ன எஃபெக்ட் பெடல் வைத்துக்கொள்ளட்டும். அதற்கு விலை உயர்ந்தது தேவையில்லை.

ஒயர் விஷயமும் இருக்கிறது. கிட்டார் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்குகிற பகுதி) எதிர்பார்க்கும் இன்புட்டின் மின்தடை 10 லட்சம் ஓம். மைக் இன்புட்டில் இருப்பதோ சில ஆயிரம் ஓம்தான். கிட்டாரை நேராக அதில் செருகினால் சத்தம் மழுங்கிவிடும், நடுவில் இரண்டையும் பொருத்துகிற டிஐ பாக்ஸ் வேண்டும். மைக்கைக் கிட்டார் இன்புட்டில் செருகினால் நேர் எதிர் பிரச்சினை. மேடைகளில் அதிகம் பார்க்கிற எஸ்எம்58 மைக்கில் இருந்து, பாடுகிற அளவுக்குச் சத்தம் போட்டாலும், சில மில்லி வோல்ட்தான் வரும். அதைக் கேட்க வைக்க வால்யூமை ஏற்ற ஏற்ற இரைச்சலும் ஏறும்.

கிட்டாரையும் குரலையும் உள்ளேயே தனித்தனிப் பாதையில் நடத்துகிற பெட்டிகளும் உண்டு என்பதை மறுக்கவில்லை. லைன் 6 கம்பெனியின் பெரிய ஹீலிக்ஸ் பெட்டியில் கிட்டாருக்கு ஓர் இன்புட், மைக்குக்கு (சில மைக்குகளுக்கு வேண்டிய 48 வோல்ட் மின்சாரத்தோடு) ஓர் இன்புட் என்று இருக்கின்றன. தனியாகப் பாடி வாசிக்கிறவருக்கு அருமையான சாமான். ஐந்து பேர் குழுவுக்கு அந்தப் பணத்தில் எக்ஸ்ஆர்18 போன்ற டிஜிட்டல் மிக்ஸர் வாங்குவதுதான் புத்திசாலித்தனம் என்பேன். 16 மைக் ஏற்கும், நாலு எஃபெக்ட் உள்ளேயே இருக்கும். ஆனால் அதையும் யாராவது உட்கார்ந்து இயக்க வேண்டும். கமிட்டிக்காரர் காதில் இது விழுந்தால் நல்லது.

அப்புறம், கட்டுரையோடு வந்த படத்தில் இரண்டு கிட்டாரை ஒய் கேபிளில் (இரண்டு முனை ஒன்றாகச் சேருகிற ஒயர்) சேர்த்து ஒரே இன்புட்டில் செருகிக் காட்டியிருந்தீர்கள். சாதாரணக் கிட்டார்களில் அப்படிச் செய்தால் ஒருவர் பாட்டு முடிந்து தன் வால்யூமைப் பூஜ்யத்துக்கு இறக்கும்போது மற்றவர் கிட்டாரும் சேர்ந்து செத்துவிடும். அந்தப் படத்துக்கு மட்டுமாவது ஒரு திருத்தம் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
மைக் செட் தொழிலாளி ஒருவர்,
பாளையங்கோட்டை.