பட்டறைக்கு வாட்ஸ்அப் குழு மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 3டி பிரிண்டர், லேசர் கட்டர், சின்ன லேத் (கடைசல் இயந்திரம்), சால்டரிங் மேசை என நாலைந்து கருவிகளை ஒரே கூரையின் கீழ் வைத்துப் பலரும் பயன்படுத்தும் பொதுப் பட்டறைகள், அதாவது மேக்கர் ஸ்பேஸ்கள், நம் ஊர்களிலும் தலையெடுத்து வருகின்றன. ஒரு கருவி வாங்க மூன்று மாதம் விசாரிப்பவர்கள், உறுப்பினர்கள் பேசிக்கொள்ளும் இடத்தை மூன்று நிமிடத்தில் முடிவு செய்துவிடுகிறார்கள்: ஒரு வாட்ஸ்அப் குழு. அதிலுள்ள வில்லங்கம் ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும்.

லேசர் கட்டரையே எடுத்துக்கொள்வோம். பி.வி.சி. கலந்த ரெக்சினையோ ஷீட்டையோ அதில் வைக்கக் கூடாது. சூடு பட்டதும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பும். ஆளின் மூச்சையும் கெடுக்கும், மிஷினின் ரெயில்களையும் லென்ஸையும் அரிக்கும். இந்த எச்சரிக்கையைக் குழுவில் மேலே ‘பின்’ செய்து வைத்தாலும் 30 நாளுக்கு மேல் நிற்காது. 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் என்ற தெரிவுகள்தான் உண்டு. அடுத்த மாதம் சேருகிறவருக்கு, யாராவது எடுத்து அனுப்பினால் ஒழிய, முன்பு பேசியது எதுவும் தெரியாது. அவர் ஒரு முழம் ரெக்சினோடு வந்து நிற்பார்.

போதாக்குறைக்குக் குரல் பதிவுகள். லேத்தில் இருபது வருடம் நின்றவர் டூல் அதிர்வதற்கான காரணத்தை இரண்டு நிமிடத்தில் அழகாகச் சொல்லிவிடுவார். ஆனால் அதைத் தேடி எடுக்க வழியில்லை. பொறுப்பாளர் ஒருவர் கேட்டு நான்கு வரியில் எழுதிப் போட்டால்தான் அது மிஞ்சும். குழுவில் ஒவ்வொருவரின் கைபேசி எண்ணும் மற்றவர்களுக்குத் தெரிவது தனிச் சிக்கல். பெண்களும் பள்ளி மாணவர்களும் தயங்குவதற்கு அது ஒன்றே போதும்.

அதற்காக வாட்ஸ்அப்பைக் கலைக்க வேண்டாம். ‘இன்று சாவி யாரிடம்’, ‘கம்ப்ரசர் ரிப்பேர்’ போன்ற அன்றன்றைய சேதிக்கு அதை விட்டால் வேறில்லை. அட்மின் மட்டும் எழுதும்படி வைத்து அறிவிப்புப் பலகையாக்கிவிடுங்கள். கேள்வி பதிலுக்கு வேறு இடம் வேண்டும்.

ஐம்பது பேருக்குள் இருக்கும் பட்டறைக்கு டெலிகிராம் போதும். எண்ணை மறைக்கலாம், புது உறுப்பினருக்குப் பழைய உரையாடல் தெரியும்படி அமைக்கலாம், ‘டாபிக்ஸ்’ வசதியைத் திறந்தால் லேசருக்கு ஒன்று, பிரிண்டருக்கு ஒன்று என இழைகள் பிரியும். கணினிச் செயலி வழியாக எல்லாவற்றையும் படங்களோடு வெளியே எடுத்துவிடலாம் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இளைஞர்கள் டிஸ்கார்டு என்ற அரட்டைச் செயலியைச் சொல்வார்கள். அரட்டைக்கு நல்ல இடம்தான். ஆனால் அங்கே எழுதிய பதில் கூகுளில் தேடினால் வராது, மொத்தமாக வெளியே எடுக்க முறையான வழியும் இல்லை. அலுவலகக் குழுக்கள் பயன்படுத்தும் ஸ்லாக் செயலியின் இலவசத் திட்டத்தில் 90 நாளைய உரையாடல்தான் கண்ணுக்குத் தெரியும். அடுத்தவர் இடத்தில் இலவசமாகக் கட்டிய வீடு எப்படிப் போகும் என்பதற்குக் மூடப்பட்ட கூகுள் பிளஸ் (2019 ஏப்ரல்), யாஹூ குரூப்ஸ் (2020 டிசம்பர்) இரண்டும் போதுமான பாடம்.

நூறு பேரைத் தாண்டும் பட்டறைக்கு என் பரிந்துரை டிஸ்கோர்ஸ். கேள்வி பதிலைத் தலைப்புவாரியாகச் சேர்த்து வைக்கும் இணைய மன்றத்தை நடத்த உதவும் திறந்த மூல மென்பொருள். சொந்த டொமைனில், அதாவது சொந்த இணைய முகவரியில், நிறுவலாம். சர்வரில் குறைந்தது 1 ஜி.பி. ரேம், கூடவே 2 ஜி.பி. ஸ்வாப் (ரேம் போதாதபோது வட்டில் பயன்படும் இடம்) வேண்டும், 2 ஜி.பி. ரேம் இருந்தால் நிம்மதி. மென்பொருளைத் தனிப்பெட்டியில் (கன்டெய்னரில்) அடைத்து இயக்கும் டாக்கரில் ஓடுவதால், ஒரே சர்வரைப் பலர் பகிரும் மலிவான ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஏறாது. கையில் இருப்பது அது மட்டும்தான் என்றால் பி.எச்.பி. நிரல்மொழியில் ஓடும் மன்ற மென்பொருள்களான பி.எச்.பி.பி.பி., ஃபிளாரம் இரண்டில் ஒன்றைப் பாருங்கள்.

டிஸ்கோர்ஸ் நிறுவுகிறவர்கள் முதலில் இடறுவது மின்னஞ்சலில். கிளவுட் சர்வர் தருபவர்கள் பலர் மின்னஞ்சல் வெளியேறும் வாசலான 25-ஆம் போர்ட்டை அடைத்து வைத்திருப்பார்கள். மின்னஞ்சல் அனுப்பும் சேவை ஒன்றில் கணக்கு தொடங்கி 587-ஆம் போர்ட் வழியாக அனுப்ப வேண்டும், அஞ்சல் நம்முடையதுதான் என்று காட்டும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். பதிவுகளையும் டொமைனில் சேர்க்க வேண்டும். தவறினால் உறுதிப்படுத்தும் அஞ்சல் ஸ்பேமில் விழும். ‘லிங்க் வரலையே’ என்று ஒருமுறை சொன்னவர் மறுமுறை வரமாட்டார். கூகுள் கணக்கால் உள்நுழையும் வசதியைச் சேர்த்துவிட்டால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

அடுத்த இடறல் பட்டறைகளுக்கே உரியது. ஸ்பேமுக்குப் பயந்து, புதியவர் ஒரு பதிவில் ஒரு படமும் இரண்டு இணைப்பும்தான் போடலாம் என்று டிஸ்கோர்ஸ் முன்கூட்டியே கட்டுப்படுத்தி வைத்திருக்கிறது. பிரிண்ட் கெட்டுப்போனவருக்கோ மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, அடிப்பகுதி ஒன்று என மூன்று படமாவது போட்டாக வேண்டும். அமைப்பில் படங்களின் எண்ணிக்கையை ஐந்தாக உயர்த்துங்கள். மிஷின்களுக்கான வடிவமைப்பு, கட்டளைக் கோப்புகளான எஸ்.டி.எல்., டி.எக்ஸ்.எஃப்., ஜிகோட் ஆகியவையும் தொடக்கத்தில் அனுமதிக்கப்படுவதில்லை. அனுமதிப் பட்டியலில் நாம்தான் சேர்க்க வேண்டும். கோப்பின் உச்ச அளவையும் உயர்த்துங்கள். அமைப்பில் மட்டும் மாற்றினால் சில சமயம் பெரிய கோப்பு ஏறாமல் நிற்கும். டாக்கரின் கன்டெய்னர் அமைப்புக் கோப்பிலும் அளவை மாற்றி ரீபில்ட் (மறுகட்டமைப்பு) செய்தால் சரியாகும்.

‘உதவி’ பகுதிக்கு ஒரு படிவம் வைத்துவிடுங்கள்: எந்த மிஷின், நாசில் (பிளாஸ்டிக் உருகி வரும் முனை) அளவு, என்ன ஃபிலமென்ட் (பிளாஸ்டிக் இழை), நாசில் வெப்பம், பெட் (பொருள் அச்சாகும் தட்டு) வெப்பம், எந்த ஸ்லைசர் (வடிவத்தை அடுக்குகளாகப் பிரிக்கும் மென்பொருள்), படம். ‘பி.எல்.ஏ. ஒட்ட மாட்டேங்குது’ (பி.எல்.ஏ. ஒரு ஃபிலமென்ட் வகை) என்று மட்டும் ஒருவர் எழுதினால் பதில் சொல்பவர் ஏழு கேள்வி கேட்க வேண்டும். படிவத்தில் ‘பெட் 25 டிகிரி’ என்று இருந்தால், 60-க்கு ஏற்றிப் பாருங்கள் என்று ஒரே வரியில் முடியும். சரியான பதிலுக்குத் ‘தீர்வு’ குறி போடும் பிளகினையும் (கூடுதல் வசதி) இயக்கிவிடுங்கள்.

தமிழில் தேடுவது தனிக் கதை. ஒருவர் ‘நாசில்’ என்பார், ஒருவர் ‘நாஸில்’ என்பார், மூன்றாமவர் ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பார். எந்தத் தேடலும் இந்த மூன்றையும் ஒன்றாகப் பார்க்காது. ஆகவே தலைப்பைத் திருத்தும் உரிமை இரண்டு மூன்று பேருக்குக் கொடுத்து, கருவியின் பெயரைத் தமிழ், ஆங்கிலம் இரு எழுத்திலும் தலைப்பில் வைக்கச் சொல்லுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் தளத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது.

தொடக்கத்தில் நான்கு பகுதிகளுக்கு மேல் வேண்டாம். பதினைந்து திறந்தால் பன்னிரண்டு காலியாகக் கிடக்கும். வருகிறவர் ஆளில்லாத வீடு என்று திரும்பிவிடுவார். அழைப்பு அனுப்பும் முன், அடிக்கடி வரும் இருபது கேள்விகளுக்குப் பொறுப்பாளர்களே பதில் எழுதி வைத்துவிட வேண்டும்.

மாணவர்கள் சேர்வதாக இருந்தால் கவனம். 2023-ஆம் ஆண்டின் மின்னணு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்றே வரையறுத்து, பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. உறுப்பினர் படிவத்திலேயே பெற்றோர் கையெழுத்தை வாங்கிவிடுவது சுலபம்.

டொமைனும் சர்வரும் யாரோ ஒருவரின் சொந்த மின்னஞ்சலில், சொந்தக் கார்டில் இருந்தால், அவர் வேலை மாறி வெளியூர் போன வருடம் தளமும் போய்விடும். கல்லூரி சர்வரில் ஓசியாக இடம் வாங்கினாலும் இதே கதிதான். துறைத் தலைவர் மாறினால் முகவரியும் மாறும். பட்டறையின் பெயரில் பொது மின்னஞ்சல் ஒன்று, கடவுச்சொல் தெரிந்தவர்கள் இருவர், டொமைனுக்கு மூன்று வருடக் கட்டணம் முன்கூட்டியே. டிஸ்கோர்ஸ் தானாகவே பேக்கப் எடுக்கும், ஆனால் நாம் மாற்றாவிட்டால் அதே சர்வரில்தான் வைக்கும். வாரம் ஒருமுறை வேறிடத்துக்கு நகல் போகும்படி அமைத்து, வருடம் ஒருமுறை அதைக் காலி சர்வரில் ஏற்றித் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், கோயம்புத்தூர்