கடனை மறைக்காதே, கண்ணு

அன்புள்ள கண்ணு,

அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவள் மேல் கோபப்படாதே. நீ அவ்வளவு கெஞ்சிக் கேட்டும் அவள் என்னிடம் சொன்னாள் என்றால், அவளுக்கு உன்னை நினைத்து அத்தனை பயம். மூன்று கிரெடிட் கார்டு, மேலே அந்த டிரக் லோன். ஒரு கார்டுக்கு நாலு மாதமாகப் பணமே கட்டவில்லை, கலெக்‌ஷன்காரர்கள் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். வேலையிடத்தில் தெரிந்தால், ரகசியத் தகவலைக் கையாள அரசாங்கம் கொடுத்த கிளியரன்ஸ் போய்விடும், அதோடு அமெரிக்க நேவியில் உன் கம்ப்யூட்டர் வேலையும் போய்விடும் என்று வாயைத் திறக்காமல் இருக்கிறாய்.

போனில் கேட்டால் "பாத்துக்கறேன்மா" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். உனக்கே தெரியும், மேரிலாந்தில் நான் இத்தனை வருஷம் பார்த்த உத்தியோகமே இதுதான். கம்பெனியில் புதிதாகச் சேருகிறவர்களை, கிளியரன்ஸுக்கு விண்ணப்பிக்கிற எஸ்.எஃப்.-86 படிவத்தோடு உட்கார வைத்து, சந்தேகம் கேட்டால் சொல்லி, பிரச்சினை வந்தால் மேலிடத்துக்கு எழுதி அனுப்புவேன். அதில் பிரிவு 26 பணம் பற்றியது. அந்தப் பக்கம் வரும்போது மனிதர்களின் முகம் மாறுவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: கடன் இருந்ததால் மட்டும் கிளியரன்ஸை இழந்தவர்கள் நான் பார்த்தவரை குறைவு. கடனை மறைத்தவர்களும், வந்த கடிதத்தைப் பிரிக்காமல் டிராயரில் போட்டவர்களும்தான் அதிகம் இழந்தார்கள்.

அரசாங்கத்துக்கு உன் கார்டு பாக்கியைப் பற்றி என்ன கவலை என்று நீ நினைக்கலாம். அவர்கள் பட்ட அடி அப்படி. ரொனால்ட் பெல்டன் என்று ஒருவர், அந்நிய நாட்டுத் தகவல்தொடர்பை ஒட்டுக்கேட்கிற என்.எஸ்.ஏ. உளவு அமைப்பில் வேலை பார்த்தார், நம் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிற அதே ஃபோர்ட் மீட் இடம்தான். கடன் முற்றிப்போய் 1979-ல் திவால் மனு கொடுத்தார், வேலையையும் விட்டார். 1980 ஜனவரியில் வாஷிங்டனில் இருந்த சோவியத் தூதரகத்துக்குள் தானாகவே நடந்து போனார். கையில் ஒரு காகிதம்கூடக் கிடையாது, எல்லாமே ஞாபகத்தில் இருந்ததுதான். அப்படி அவர் சொன்னதில் ஒன்று, ஒகோட்ஸ்க் கடலுக்கு அடியில் போன சோவியத் கேபிளில் நேவியின் நீர்மூழ்கிக் கப்பல்கள் பொருத்தியிருந்த ஒட்டுக்கேட்புக் கருவி. உன்னைப் போன்ற பிள்ளைகள் உயிரைப் பணயம் வைத்துச் செய்த வேலை அது. அவருக்குக் கிடைத்தது சுமார் 35,000 டாலர். சி.ஐ.ஏ.வின் ஆல்ட்ரிச் ஏம்ஸும் 1985-ல் பணக்கஷ்டத்தில்தான் ஆரம்பித்தார். பிற்பாடு 5,40,000 டாலர் வீட்டை ரொக்கமாக வாங்கினார், அப்போதும் 1994 வரை பிடிபடவில்லை.

நீ அப்படிச் செய்வாய் என்று யாரும் நினைக்கவில்லை. கடனில் நெரிபடுகிற ஒருவனை அந்நியன் விலை பேச முடியும், கடனை மறைக்கிற ஒருவனை மிரட்டவும் முடியும் என்பதுதான் அவர்கள் கணக்கு. ஆகவே ஒளித்துவைக்க வைக்க உன் பக்கம் பலவீனமாகிக்கொண்டே போகும். உன் மேலதிகாரியான சீஃபுக்கும், கிளியரன்ஸ் விஷயங்களைக் கவனிக்கிற செக்யூரிட்டி மேனேஜருக்கும் முன்பே தெரிந்த கடனை வைத்து உன்னை எவன் மிரட்ட முடியும், சொல்?

இன்னொன்றும் புரிந்துகொள். மறைக்கவும் முடியாது. முன்பெல்லாம் டாப் சீக்ரெட் நிலை கிளியரன்ஸுக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை, சீக்ரெட்டுக்குப் பத்து வருஷத்துக்கு ஒருமுறை மறுவிசாரணை வரும், அதுவரை யாரும் கேட்கமாட்டார்கள். இப்போது அப்படி இல்லை. உன் கிரெடிட் விவரத்தைக் கம்ப்யூட்டர் தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறது. போதாததற்கு, 120 நாளுக்கு மேல் கட்டாமல் விட்ட கடனைக் கிளியரன்ஸ் வைத்திருப்பவர் தானே முன்வந்து சொல்ல வேண்டும் என்பது விதி. நாலு மாதம் என்றாயாமே, அந்தக் கார்டு இந்தக் கோட்டைத் தொட்டாயிற்று. அவர்களே கண்டுபிடித்துக் கூப்பிட்டால் "ஏன் சொல்லவில்லை?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். அப்போது விஷயம் பணத்திலிருந்து நேர்மைக்குத் தாவிவிடும். பணத்துக்கு ஒரு வழி உண்டு, நேர்மையில் சந்தேகம் வந்தால் மீள்வது ரொம்பக் கஷ்டம். படிவத்தில் வேண்டுமென்றே பொய் எழுதினால் ஐந்து வருஷம் வரை சிறை என்று சட்டமே இருக்கிறது.

என்னோடு வேலை பார்த்த ஒரு டெக்னீஷியனைச் சொல்கிறேன், பேர் வேண்டாம். மனைவிக்குப் புற்றுநோய். இன்சூரன்ஸ் போக மிச்சம் வந்த ஆஸ்பத்திரி பில்லும், அந்தச் சமயத்தில் அவர் தேய்த்த கார்டுகளும் சேர்ந்து வருஷச் சம்பளத்தைத் தாண்டிவிட்டது. மனிதர் தானாகவே என் அறைக்கு வந்து கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். பிறகு ஒரு நீல பிளாஸ்டிக் ஃபைல் போட்டார். ஒவ்வொரு கடன்காரருக்கும் ஒரு தடுப்புத்தாள், அதற்குப் பின்னால் அவர்களோடு பேசிய தேதி, பேசியவர் பேர், ஒத்துக்கொண்ட தொகை, கட்டிய ரசீது. ஒரு இடத்துக்கு மாதம் 75 டாலர்தான், ஆனால் ஒரு மாதம்கூடத் தவறவில்லை. அவருக்கும் ஸ்டேட்மென்ட் ஆஃப் ரீசன்ஸ் வந்தது, கிளியரன்ஸை ஏன் மறுக்கப் பார்க்கிறோம் என்று காரணம் சொல்லி அனுப்புகிற கடிதம். அந்த ஃபைலை அப்படியே நகல் எடுத்துப் பதிலோடு அனுப்பினோம். கடன் முழுசாகத் தீராமலேயே கிளியரன்ஸ் போகாமல் தப்பியது. அதே கட்டடத்தில் ஒரு இன்ஜினியர், நல்ல சம்பளம், கடனும் பெரிதில்லை. ஆனால் பல வருஷமாக வரி கணக்கே தாக்கல் செய்யவில்லை, கேட்டால் "நேரமில்லை" என்பார். அவர் கிளியரன்ஸ் போய்விட்டது.

இதெல்லாம் அதிகாரியின் மனப்போக்கு இல்லை. 2017 ஜூன் 8 முதல் கிளியரன்ஸை முடிவு செய்ய எல்லாத் துறைகளுக்கும் ஒரே 13 வழிகாட்டு நெறிகள், அதில் எஃப் என்பது பணம். எது பாதகம் என்று சொல்கிற அதே இடத்தில் எது சாதகம் என்றும் எழுதியிருக்கிறது. வேலை போவது, நோய், சாவு, விவாகரத்து மாதிரி கை மீறிய காரணத்தால் கடன் வந்து, அதற்குப் பிறகு பொறுப்பாக நடந்துகொண்டால் அது உனக்குச் சாதகம். முறையான ஆலோசகரிடம் போயிருந்தால் சாதகம். நல்ல எண்ணத்தோடு கட்டத் தொடங்கியிருந்தால் சாதகம். கடைசியில் ஆளை முழுசாக வைத்துத்தான் எடை போடுவார்கள். ஆனால் சந்தேகம் மிஞ்சினால் தேசத்தின் பக்கம்தான் தீர்ப்பு, கிளியரன்ஸ் யாருக்கும் உரிமை இல்லை என்று சுப்ரீம் கோர்ட் 1988-லேயே சொல்லிவிட்டது. உன் விஷயத்தில் டிரக்கைக் கை மீறிய காரணம் என்று சொல்ல முடியாது, கண்ணு. அதைச் சுற்றி வளைக்காமல் அப்படியே ஒத்துக்கொள். கட்டத் தொடங்குவதுதான் உன் சாதகம்.

நம் ஜனங்களுக்குக் கடன் என்றால் மானம். நம் ஊர் கோபியில் என் அப்பா, உன் அப்புச்சி, மஞ்சள் விலை விழுந்த வருஷம் வட்டிக்கு வாங்கியதை அம்மிச்சிக்கே தெரியாமல் வைத்திருந்தார். ஊர் வாயில் விழக்கூடாது என்பதே அந்தக் காலத்துப் பாதுகாப்பு. எனக்கும் அந்த ரத்தம்தான், உன் கூச்சம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாதா? ஆனால் நீ இருக்கிற வேலையில் அந்த வழக்கம் உன்னையே கவிழ்க்கும்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. முதலில், கடன் வரலாற்றைப் பதிவு செய்கிற மூன்று கிரெடிட் நிறுவனங்களின் அறிக்கையையும் இறக்கிப் பார். வாரம் ஒருமுறை இலவசமாகவே கிடைக்கிறது. உன் கடன் அல்லாதது ஏதாவது அதில் இருந்தால் எழுத்தில் ஆட்சேபி. அடுத்த வேலைநாளே சீஃபிடம் பேசி, செக்யூரிட்டி மேனேஜரிடம் எழுத்தில் கொடு. நார்ஃபோக்கில் நேவிக்காரர்களுக்கு உதவுகிற ஃப்ளீட் அண்ட் ஃபேமிலி சப்போர்ட் சென்டரில் பண ஆலோசகர்கள் இலவசமாக உட்கார்ந்து பட்ஜெட் போட்டுத் தருவார்கள், அங்கே போ. டி.வி.யில் வருகிற, கடனைக் குறைத்துத் தீர்த்துத் தருகிறோம் என்கிற கம்பெனிகள் பக்கம் தலைவைத்தும் படுக்காதே. அவர்களில் நிறையப் பேர் முதலில் கட்டுவதை நிறுத்து என்பார்கள், கட்டணமும் பிடுங்குவார்கள், உன் பேரில் பாக்கி மேலும் ஏறும்.

காலேஜில் வாங்கிய அந்தப் பழைய கார்டு இருக்கிறதே, அதில் நேவியில் சேருவதற்கு முன் ஏறிய பாக்கிக்கு நீ பணியில் இருக்கும்வரை 6 சதவீதத்துக்கு மேல் வட்டி போட முடியாது, சட்டம் இருக்கிறது. பணியில் சேர்ந்த ஆணையின் நகலோடு கடிதம் எழுதிக் கேட்க வேண்டும், கேட்காமல் கிடைக்காது. பேஸ் கேட்டுக்கு வெளியே இருக்கிற சம்பள முன்பணக் கடைகளில் கால் வைக்காதே. படையினருக்கு 36 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்று தடை இருந்தாலும், அந்த 36-ஏ கழுத்தை நெரிக்கும். வண்டி ரிப்பேர், வாடகை மாதிரி அவசரம் வந்தால் நேவி-மரைன் கோர் ரிலீஃப் சொசைட்டி வட்டியில்லாமல் கொடுக்கும்.

ஏழு வருஷம் ஓட்டிவிட்டால் அறிக்கையிலிருந்து விழுந்துவிடும் என்று உன் நண்பன் யாரோ சொன்னானாம். அறிக்கையிலிருந்து விழும். ஆனால் கிளியரன்ஸ் வழக்குகளில் தீர்ப்பு எழுதுகிறவர்கள் அதைக் கட்டியதாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். பேர் நீக்கி வெளியிடுகிற தீர்ப்புகளில் இந்த வாதம் தோற்பதை நான் நிறையப் படித்திருக்கிறேன்.

கூடவே ஒன்று. கோபியில் அப்புச்சி உன் பேரில் எழுதி வைத்த அந்த அரை ஏக்கரைப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்து என்று போட்டாயா? போடவில்லை என்றால் இதோடு சேர்த்து அதையும் சொல்லிவிடு. அதில் தப்பு ஒன்றும் இல்லை, விட்டுப்போனால்தான் கேள்வி. பட்டாவின் நகலை அனுப்புகிறேன்.

அப்பாவிடம் நான் சொல்லிவிட்டேன். மொத்தத்தையும் ஒரே செக்கில் அடைத்துவிடலாம் என்றார். நான் வேண்டாம் என்றேன். நீயே மாதாமாதம் கட்டுகிற ரசீதுதான் அவர்கள் முன் பேசும், எங்கள் செக் பேசாது. நாலு மாதப் பாக்கி நிற்கிற அந்த ஒரு கார்டை மட்டும் நிலுவை இல்லாமல் ஆக்க நாங்கள் கைமாற்றாகத் தருகிறோம். எழுதி வைத்துக்கொள்வோம், மாதம் எவ்வளவு முடியும் என்று நீயே சொல். டிரக்கை விற்றால் லோன் தீருமா, இல்லை கையிலிருந்து போட வேண்டியிருக்குமா என்று அப்பா கேட்கிறார். லோன் பேப்பரையும் மூன்று கார்டின் கடைசி ஸ்டேட்மென்ட்டையும் ஸ்கேன் பண்ணி இன்றைக்கே அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து பார்ப்போம், அக்காவும் லைனில் வருவாள்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா