முதலில் தட்டில் நிற்கிற தண்ணீரைக் கொட்டு

பாப்பா,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். இலை நுனியெல்லாம் பழுப்பாகிவிட்டது, செத்துப்போய்விடுமா என்று கேட்டிருக்கிறாய். நுனி காய்ந்ததற்காக உன் போனிடெயில் பாம் செடி சாகாது. என்னைப் பயமுறுத்தியது தொட்டிக்குக் கீழே தட்டில் தளும்புகிற தண்ணீர்தான். எழுந்துபோய் அதைக் கொட்டிவிட்டு வந்து மீதியைப் படி.

கொட்டியாச்சா? சரி. இப்போது செடியின் அடியில் யானைப் பாதம் மாதிரி உருண்டு நிற்கிறதே, அதை நாலு பக்கமும் கட்டைவிரலால் அழுத்திப் பார். கல் மாதிரி இருந்தால் தப்பித்தது. மேலே தோல் சுருங்கியிருந்தாலும் பரவாயில்லை, தாகம்தான், தண்ணீர் ஊற்றினால் மறுபடியும் உப்பிக்கொள்ளும். விரல் உள்ளே அமுங்கினால்தான் ஆபத்து, அது அழுகல்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்பாய். நான் முதலில் வளர்த்ததை நானேதான் கொன்றேன். மற்ற செடிகளுக்கு ஊற்றும்போது பாவம் இதுவும் குடிக்கட்டுமே என்று தினமும் ஒரு குவளை. நடுக்குருத்து வெளுத்தது, தாகம் என்று நினைத்து இரண்டு குவளையாக்கினேன். ஒருநாள் தூசு தட்டலாம் என்று கொத்தாகப் பிடித்தேன், தலை மட்டும் கையோடு வந்துவிட்டது. உருண்டைக்குள் கூழ் மாதிரி இருந்தது, நாற்றம் வேறு. இலையைப் பின்னல் போட முடியாதே என்று நீ அழுதாய், உனக்கு நினைவிருக்காது.

பெயரில்தான் பாம், பனைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. கற்றாழை மாதிரி இருக்குமே அகேவ், அதற்குத்தான் சொந்தம். கிழக்கு மெக்சிகோவின் வறண்ட காடுகளில் வளர்கிறது. அங்கே மழை பெய்தால் பெய்தது, அப்புறம் மாதக்கணக்கில் ஒரு சொட்டு இருக்காது, அதற்காகத்தான் அந்த உருண்டைக்குள் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. அதை நாம் தினமும் நனைத்தால் எங்கே போய்ச் சேர்க்கும்?

மண்ணுக்குள் விரலை 2 அங்குலம் விட்டுப் பார், ஈரம் தட்டுப்பட்டால் ஊற்றாமல் திரும்பிப் போ. நன்றாகக் காய்ந்த பிறகு அடித் துளை வழியாக வழிகிற வரைக்கும் தாராளமாக ஊற்று, வழிந்ததை உடனே கொட்டு. வெயில் காலத்தில் 2 வாரத்துக்கு ஒருமுறை, குளிரில் மாதத்துக்கு ஒருமுறைகூடப் போதும். ஆனால் நாட்காட்டியை விட விரலை நம்பு.

பழுப்பு நுனிக்குப் பல காரணம் உண்டு. மண்ணில் உப்புச் சேர்ந்தாலும் வரும், காற்று ரொம்ப வறண்டாலும் வரும், வேர் ஈரத்தில் மூச்சுத் திணறினாலும் வரும், உன் விஷயத்தில் கடைசிதான் என்பது என் சந்தேகம். பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் கத்தரிக்கோலால் நுனியைக் கூராகவே வெட்டு, பச்சையைத் தொடாமல் ஒரு நூல் பழுப்பை விட்டுவிடு. நேர்கோடாக வெட்டாதே, கிராப் வெட்டியது மாதிரி அசிங்கமாகிவிடும்.

தொட்டியும் பெரிசாகப் போய்விட்டது. உருண்டையைச் சுற்றி ஒன்றிரண்டு அங்குலம் இடம் இருந்தால் போதும், மிச்ச மண் சும்மா ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டிருக்கும். பளபளப்புப் பூசாத மண்தொட்டியில், சாதா மண் பாதி, பருமணலும் பெர்லைட் என்கிற லேசான வெள்ளைக் குருணையும் பாதி கலந்து மாற்று. உருண்டை மண்ணுக்கு மேலேயே உட்கார வேண்டும், அசையாமல் நிற்கட்டும் என்று புதைத்துவிடாதே.

வெளிச்சம் எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவும் கொடு. ஆனால் வீட்டுக்குள் இருந்ததை ஒரே நாளில் முழு வெயிலில் வைத்தால் இலை வெந்துவிடும், 2 வாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கு. இலை அடியில் பஞ்சு மாதிரி வெள்ளையாகத் தெரிந்தால் மாவுப்பூச்சி, ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துவிடு. பூனை இலையைக் கடிக்கிறது என்றாயே, அதற்கு இது விஷமில்லை, இலைக்குத்தான் ஆபத்து.

அப்புறம், தோட்டத்தில் தரையில் ஒன்று வைக்க வேண்டும் என்கிறாய். உறைபனி விழாத இடமாக இருந்தால் வை, தண்ணீர் தேங்காத மேட்டில், நடைபாதையை விட்டுத் தள்ளி. இலை விளிம்பு நுண்ணிய அரம் மாதிரி, போகிற வருகிற கையை அறுக்கும். தரையில் வைத்தால் 15 அடிக்கு மேலும் போகும், ஆனால் மெதுவாக, பல வருஷம் எடுத்துக்கொண்டு. பூப்பதைப் பார்க்க இன்னும் பொறுமை வேண்டும். ஆண் பூ ஒரு செடியில், பெண் பூ இன்னொன்றில்.

பெரிய மரமாக வாங்க ஆசைப்பட்டால் விதையிலிருந்து வளர்த்ததா என்று கேட்டு வாங்கு. காட்டிலிருந்து தோண்டி எடுத்து விற்றதால் இந்த இனமே நலிந்துபோய், 2017-லிருந்து சைட்டிஸ் என்கிற, அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் வணிகத்துக்கான உலக ஒப்பந்தப் பட்டியலில் சேர்த்து, நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். எனக்கென்னவோ சின்னதிலிருந்து வளர்ப்பதுதான் பிடிக்கும்.

அழுத்திப் பார்த்ததில் எப்படி இருந்தது என்று இன்றைக்கே சொல். அடுத்த படத்தில் இலையை விட்டுவிட்டு அடியை எடு.

அப்பா