இரண்டாவது அட்டை

திருவாரூர்,
ஆனி 26

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. நானும் உங்கம்மாவும் சுகம். அங்கே உங்கள் இருவர் சுகத்துக்கும் எழுதவும்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனை எடுத்தால் உங்கம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். ஸ்பீக்கரைப் போடுங்க என்கிறாள். சில விஷயங்களை ஸ்பீக்கரில் பேச முடியாது. நீயும் நாலு ஞாயிற்றுக்கிழமையாகக் கூப்பிடவில்லை. நாங்கள் கூப்பிட்டால் எடுப்பதில்லை. அரை மணி கழித்து "மீட்டிங்" என்று ஒற்றை வார்த்தை வருகிறது. ஞாயிற்றுக்கிழமை யாருக்கப்பா மீட்டிங்?

மேட்டூரை ஜூன் 12-ஆம் தேதி திறந்தார்கள். கல்லணை திறந்தும் நாளாகிறது. நம் பக்கம் தண்ணீர் இன்னும் ஒழுங்காக வந்து சேரவில்லை. கடைமடைக்கு எப்போதும் கடைசிப் பந்திதான். தினமும் காலையில் பாலத்தில் போய் நின்று ஓடம்போக்கியைப் பார்த்துவிட்டு வருகிறேன். முப்பத்தொரு வருஷம் ஷட்டர் கணக்கு எழுதினவனுக்கு அந்தப் பழக்கம் எங்கே போகும்? பெயர்தான் ஓடம்போக்கி. இப்போது அதில் போவது வெங்காயத்தாமரை.

நீ அனுப்பிய போட்டோ வந்தது. கோட்டும் டையும் போட்டு, பின்னால் ஆறும், கோடு போட்ட கோட்டுக்காரர்களுமாக. நம் ஊர்க் கல்யாணத்து பேண்டு செட்டுக்காரர்கள் மாதிரி இருக்கிறார்கள் என்று உங்கம்மா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. டீக்கடையில் நாலு பேருக்குக் காட்டினேன். "ஹென்லியாம், 1839-லேருந்து நடக்குற படகுப் போட்டியாம், என் பையன் மெம்பருங்க உட்கார்ற இடத்துல உட்கார்ந்திருக்கான்" என்று சொன்னேன். உன் ஆபீஸ் பெரியவர் தயவில் கிடைத்த அட்டை என்பதைச் சொல்லவில்லை.

வெயிலில் அந்தக் கோட்டோடு உட்கார்ந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. அவர்களாக அறிவிக்காமல் கழற்றக் கூடாது என்று முன்னே சொல்லியிருக்கிறாய். அப்படியென்றால் மோர் மாதிரி எதையாவது குடி. வேளைக்குச் சாப்பிடு. முகம் வாடியிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்துப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன், அதனால்தான் சொல்கிறேன்.

பெரிதாக்கிப் பார்த்ததில் இன்னொன்றும் தெரிந்தது. கோட்டுப் பொத்தான் துளையில் கயிறு கோத்து அந்த நுழைவு அட்டையைத் தொங்கவிட்டிருக்கிறாய். முதலில் ஒன்று என்றுதான் நினைத்தேன். பையன் விரலால் இழுத்துக் காட்டினான். கீழே இன்னொன்று இருக்கிறது. இரண்டு அட்டை, இரண்டு கயிறு.

சரி, அது போகட்டும்.

முதல் வருஷம் நீயும் மருமகள் பாப்பாவும் போனபோது அவள் திருபுவனம் பட்டு கட்டிக்கொண்டு போனாள், நினைவிருக்கிறதா? அந்த இடத்தில் பெண்களுக்கு முழங்காலுக்குக் கீழே உடை இருக்க வேண்டும், பேண்ட் போடுவதற்கே 2021-ல்தான் விட்டார்கள் என்று அவள்தான் சொன்னாள். "மாமா, கேட்டுல நின்னவரு என் கொசுவத்தைப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லத் தெரியாம வழி விட்டுட்டாரு" என்றாள். ஹென்லியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் சொல்லித் தெரிந்ததுதான். நீ சொன்னால் மார்க் ஷீட் வாசிக்கிற மாதிரி இருக்கும். அவள் சொன்னால் படகு கண்ணெதிரே போகும். ஒரு நேரத்துக்கு இரண்டே இரண்டு படகு. தோற்றவன் அன்றைக்கே மூட்டை கட்ட வேண்டும். தேம்ஸ் ஓடுகிற திசையில் இல்லை, அதை எதிர்த்து 2,112 மீட்டர். இரண்டு பக்கமும் மரக்கட்டை மிதக்கவிட்டுப் பாதை பிரித்திருக்கிறார்கள். ஒரு படகு ரொம்ப முந்திவிட்டால் எத்தனை படகு நீளம் என்று கணக்குக்கூட எழுத மாட்டார்களாம், "ஈஸிலி" என்று எழுதி முடித்துவிடுவார்களாம். "தோத்தவங்களுக்கு எவ்வளவு தூரத்துல தோத்தோம்னுகூட தெரியாது மாமா" என்றாள். நடுவில் சாப்பாட்டுக்கு ஓர் இடைவெளி, டீக்கு ஓர் இடைவெளி. பந்தயத்தை நிறுத்திவிட்டுப் போய் டீ குடிக்கிற ஜனங்களை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன்.

பதிலுக்கு நான் திருக்கொள்ளம்பூதூர் ஓடத் திருவிழாவைச் சொன்னேன். ஐப்பசியில் நடக்கும், உன்னைச் சின்னப் பிள்ளையில் தோளில் தூக்கிப் போயிருக்கிறேன். வெள்ளத்தில் ஓடக்காரன் இல்லை, சம்பந்தர் ஏறி நின்று பாடினார், நாக்கே கோலாக ஓடம் அக்கரை சேர்ந்தது. "அங்க போட்டி இல்லியா மாமா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப நல்லது" என்றாள்.

இன்னொரு நாள் ஒரு கதை சொன்னாள். நீ கேட்டிருப்பாயோ மாட்டாயோ. ஜான் கெல்லி என்று அமெரிக்காவில் ஒருவர், பிலடெல்பியாக்காரர். செங்கல் கட்டுகிற தொழில். 1920-ல் ஹென்லியில் டைமண்ட் ஸ்கல்ஸ் என்கிற ஒற்றையாள் போட்டிக்குப் பெயர் கொடுத்தார், சேர்க்க மாட்டோம் என்றார்கள். அவருடைய படகுச் சங்கத்தின் மேல் பழைய தடை ஒன்று இருந்தது. அதோடு, கூலிக்குக் கைவேலை செய்கிறவன், தொழிலாளி, காசுக்குப் படகு விடாத அமெச்சூர் ஆக மாட்டான் என்று 1879-லேயே ஒரு விதி எழுதி வைத்திருந்தார்கள். மண்ணும் கல்லும் தூக்குகிறவனுக்குக் கை பலம் அதிகம், அதோடு ஜென்டில்மேன் போட்டி போடுவது நியாயமில்லையாம். நியாயத்தைப் பார். அதே வருஷம் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில், ஹென்லியில் அந்தப் போட்டியை ஜெயித்த ஆளையே கெல்லி தோற்கடித்துத் தங்கம் வாங்கினார். 1936-ல் ஆஸ்திரேலியப் போலீஸ்காரர்களையும் இதே விதியைக் காட்டி நிறுத்தினார்கள். ஊர் சிரித்தது. அடுத்த வருஷம் விதியை எடுத்தார்கள். கெல்லியின் மகன் 1947-லும் 1949-லும் அதே டைமண்ட் ஸ்கல்ஸை ஜெயித்தார். மகள் கிரேஸ் கெல்லி சினிமா நடிகையாகி, மொனாக்கோ இளவரசியாகி, 1981-ல் ஹென்லியிலேயே பரிசு கொடுத்தார்.

இதையெல்லாம் மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு, "எங்கப்பா மாதிரி கொத்தனாரு மாமா அவரு" என்றாள்.

நான் "அப்படியாம்மா" என்றேன். சொல்லிவிட்டுப் போனை உங்கம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை விஷயம் உனக்குத் தெரியும். சம்மந்தி பேருக்குக் கீழே "பில்டிங் காண்ட்ராக்டர்" என்று போடச் சொன்னது நான்தான், நீயும் ஒன்றும் சொல்லவில்லை. மஞ்சள் தடவின முதல் பத்திரிகையை அவர் கையில் கொடுத்தேன். சிமெண்ட் தின்ற விரல், நகத்தோரம் வெள்ளை. அந்த விரலை அந்த வரிமேல் வைத்து ஒரு தடவை தடவினார். "நல்லா அச்சடிச்சிருக்காங்க" என்றார். அவ்வளவுதான். அது முடிந்தது என்று நினைத்தேன்.

இது அதற்குப் பிறகு. நீ முதலில் கிளம்பிப் போய்விட்டாய், அவள் விசாவுக்காக நம் வீட்டில் இருந்தாள். வைகாசியில் தெப்பம். சம்மந்தி மன்னார்குடியிலிருந்து ஒரு வாழைத்தாரோடு வந்திருந்தார், புது வேட்டி. தெப்பத்தில் ஏறுவதற்கு என்னிடம் நாலு பாஸ் இருந்தது. எனக்கு, உங்கம்மாவுக்கு, பாப்பாவுக்கு, இன்னொன்று அவருக்கு என்றுதான் வாங்கியது. சாயங்காலம் என் பழைய ஆபீசர் போன் பண்ணினார், வருகிறேன் என்று. நான் சம்மந்தியிடம் சொன்னேன்: "மேல ஒரே கூட்டம், பலகை வழுக்கும். நீங்க கரையிலேருந்து பாருங்க, அங்கேருந்துதான் முழுசாத் தெரியும்."

"ஆமாங்க, கரையிலதான் நல்லாத் தெரியும்" என்றார்.

பாப்பா என் முகத்தைப் பார்க்காமல், "நான் அப்பாகூட நிக்கிறேன் மாமா" என்றாள். அவளுக்கு வைத்திருந்த பாஸ் கடைசிவரை என் சட்டைப்பையிலேயே இருந்தது.

கமலாலயம் உனக்குத் தெரியாததா? கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி. பீப்பாய்களைக் கட்டி மேலே மூங்கிலும் பலகையும் போட்ட தெப்பம், கோபுரம் மாதிரி விளக்கு, நாதஸ்வரம், கல்யாணசுந்தரர். ஆபீசருக்கு ரொம்ப சந்தோஷம். கரையிலிருந்து வடம் இழுக்க, நாகநாதர் கோயிலை நடுவில் விட்டுத் தெப்பம் மெதுவாகச் சுற்றுகிறது. ஒரு படித்துறையில் அவர்கள் இரண்டு பேரும் நிற்கிறார்கள். அவர் குனிந்து படிக்கல்லை விரல் முட்டியால் தட்டித் தட்டி அவளுக்கு ஏதோ காட்டுகிறார். கல் இணைப்பையோ சாந்தையோ. அவள் கல்லைப் பார்க்கவில்லை. தெப்பத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நான் சாமி பக்கம் திரும்பிக்கொண்டேன். ஹென்லிப் படகு என்றால் ஒரே ஓட்டமாகப் போய்விடும். தெப்பம் சுற்றித்தான் வரும். மறுபடி அந்தப் படித்துறை. மறுபடி அவர்கள்.

உன் தாத்தா குடிமராமத்தில் மண் சுமந்தவர். அவர் தலையில் அந்தச் சும்மாட்டுத் தழும்பு கடைசிவரை இருந்தது. அந்த 1879 விதிப்படி பார்த்தால் அவரையும் கேட்டுக்கு வெளியேதான் நிறுத்தியிருப்பார்கள். நான் அவருடைய மகன்.

அவள் இதை உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். சொல்லுகிற பெண் இல்லை. ஆனால் கெல்லி கதையை என்னிடம் எதற்குச் சொன்னாள்? சாதாரணமாகத்தான் சொன்னாள் என்று இரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த இரண்டாவது அட்டையைப் பார்த்ததிலிருந்து அப்படி நினைக்க முடியவில்லை. உங்களுக்குள் என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்கிற தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனால் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய் ஏழு கடல் தாண்டி வைத்திருக்கிறாய். கோபம் வந்தால் அவள் எந்த வீட்டுக்குப் போவாள்? நீ கோபத்தில் பேசாமல் இருந்துவிடுவாய். அது என்னிடமிருந்து வந்தது. உங்கம்மாவிடம் நான் ஒருமுறை ஏழு மாதம் பேசாமல் இருந்தேன், நீ எட்டாவது படித்தாய், "அம்மாகிட்ட சொல்லுடா" என்று உன்னைத்தான் தூது அனுப்பினேன். அதில் எனக்கு அப்போது ஒரு பெருமைகூட இருந்தது.

போன செவ்வாய்க்கிழமை உங்கம்மாவிடம் பல் டாக்டர் என்று சொல்லிவிட்டு மன்னார்குடி போனேன். சம்மந்தி வீட்டுத் தெரு முனையிலேயே ஒரு மாடி வீட்டுக்குப் பூச்சு வேலை நடக்கிறது. சாரத்தில் நின்றுகொண்டிருந்தார். இந்த வயதில் அவரே ஏறுகிறார். கரணையால் சாந்தை அடித்து, மட்டப்பலகையால் இழுத்து, தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்க்கிறார். மறுபடி அதே இடத்தில் கொஞ்சம் சாந்து. எதிர் டீக்கடையில் உட்கார்ந்து இரண்டு டீ குடித்தேன். இளைத்திருக்கிறார். அவருக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. கீழே நின்ற சித்தாள் பெண் என்னையே பார்த்தாள். பஸ் ஏறி வந்துவிட்டேன். அவரிடம் முதலில் போய் என்ன சொல்வது? வாழைத்தார் நன்றாக இருந்தது என்றா?

நீ அவருக்குப் போன் பண்ணுகிறாயா? பண்ணு. என்ன ஆகியிருந்தாலும் பண்ணு. வேளைக்குச் சாப்பிடு, ராத்திரி கடையில் வாங்கிச் சாப்பிடாதே. உங்கம்மா பருப்புப்பொடியும் நார்த்தங்காயும் கட்டி வைத்திருக்கிறாள், இரண்டு பேருக்குத்தான் கட்டியிருக்கிறாள். யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறோம்.

இந்தக் கடிதம் உங்கம்மாவுக்குத் தெரியாது. ஸ்பீடு போஸ்டில் போடுகிறேன். கிடைத்த பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. இதைப் பற்றி ஒன்றும் பேச வேண்டாம், ஸ்பீக்கரில்தான் இருக்கும். பாப்பா உன்னோடு இருக்கிறாள் என்றால், "ஓடம்போக்கியில தண்ணி வந்துடுச்சாப்பா?" என்று கேள். எனக்குப் புரிந்துவிடும். இல்லையென்றால் தண்ணீரைப் பற்றிக் கேட்காதே. வேறு எதையாவது கேள். என் முட்டி வலியைப் பற்றிக் கேள்.

அன்புடன்,
அப்பா